உத்தியோகத்தர்களுக்குத் தரவுப் பயிற்சி: பவுசரிலிருந்து தொடங்குங்கள்

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ பிரதேச செயலக ஆட்களுக்குத் தரவுப் பயிற்சி வைக்கப்போகிறீர்கள் என்றால், முதல் நாளே எக்செலைத் திறக்காதீர்கள். அவர்கள் உண்மையிலேயே எடுக்கவேண்டிய ஒரு முடிவை எடுங்கள். வரட்சி வந்தால் குடிதண்ணீர் பவுசர், அதாவது தண்ணீர் ஏற்றிவரும் தாங்கி வண்டி, எந்த ஊருக்கு முதலில் போகவேண்டும்? இரண்டு நாளுக்கு இந்த ஒரு கேள்வி போதும்.

முடிவெடுக்கிற பிரதேச செயலாளரையும் திட்டமிடல் பணிப்பாளரையும், அட்டவணை தயாரிக்கிற அபிவிருத்தி உத்தியோகத்தர்களையும் ஒரே மேசையில் இருத்துங்கள். தனித்தனியாகப் பழக்கினால் ஒருவர் கேட்காத கேள்விக்கு மற்றவர் பதில் தயாரித்துக்கொண்டிருப்பார்.

முதலில் "குடும்பம்" என்றால் என்ன என்று கேளுங்கள். அதிக நேரம் இங்கேதான் போகவேண்டும். குடிசன மதிப்பீடு ஒரு வீட்டில் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்களைச் சேர்த்து எண்ணும். கிராம அலுவலரின் பதிவிலோ அதே வீட்டில் இருக்கிற கலியாணம் முடித்த மகள் தனிக் குடும்பமாக இருக்கலாம். இந்த மாவட்டங்கள் இருக்கிற வன்னியில் இது இன்னும் சிக்கல், ஏனென்றால் இடம்பெயர்ந்து திரும்பியவர்களில் பதிவு ஓரிடத்திலும் இருப்பு வேறிடத்திலுமாக உள்ளவர்கள் இருக்கிறார்கள், 2001 மதிப்பீட்டை இந்த இரண்டு மாவட்டங்களிலும் நடத்தவே முடியவில்லை, 1981க்குப் பிறகு 2012இல்தான் அடுத்த முழு மதிப்பீடு நடந்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் யார், எப்போது, எதை எண்ணினார்கள் என்று எழுதவையுங்கள்.

பிறகு அட்டவணையிலுள்ள வெறுங்கட்டங்கள். வற்றிய கிணறுகளின் கணக்கு வந்துசேராத ஊருக்கு யாராவது 0 போட்டுவிட்டால் அங்கே பிரச்சினையே இல்லை என்றாகிவிடும், அந்த ஊர்ப் பெண்கள் அன்றும் குடத்தோடு நடந்துகொண்டிருப்பார்கள். எக்செல் சராசரி எடுக்கும்போது வெறுங்கட்டத்தை விட்டுவிடும், 0ஐச் சேர்த்துக்கொள்ளும். இரண்டு விதமாகவும் அவர்களையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து விகிதம்: 50 கிணறுகளில் 40 வற்றிய ஊரா, 400இல் 60 வற்றிய ஊரா முதலில்? வாதாடட்டும், அவசரப்பட்டு விடை சொல்லாதீர்கள்.

இரண்டாம் நாள் காலை அட்டவணையோடு ஒரு கிராமத்துக்குப் போய்ப் பத்து வீட்டில் ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம் எல்லாவற்றையும் முன்கூட்டியே நீக்கிவிடுங்கள்.

பின்னேரம் ஒரு பக்கக் குறிப்பு: எந்த ஊர், ஏன், எந்த எண்ணில் சந்தேகம், என்ன மாறினால் முடிவும் மாறும். செயலாளர் அதில் இரண்டு கேள்வியாவது எழுதித் திருப்பிக் கொடுக்கவேண்டும். அடுத்த வரட்சிக்கு முன் அதே ஆட்கள் திரும்பக் கூடி, எந்தக் கணிப்புப் பிழையாகப் போனது என்று பார்ப்பதற்கான திகதியையும் கலையும் முன்பே குறித்துவிடுங்கள்.