கோல்டு ஃபிஷ் வாங்கியாச்சா? தண்ணீரைக் கவனியுங்கள்

புதிதாக வாங்கிய கோல்டு ஃபிஷ் சில நாளிலேயே செத்துப்போனால், பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் மீனுக்கு விஷமான அம்மோனியா தண்ணீரில் சேரும். அதைத் தீங்கு குறைந்ததாக மாற்றித் தரும் நல்ல பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சில் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை தீனியைக் குறைத்து, அடிக்கடி கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள். அப்புறம் வாரம் கால்வாசி போதும். சுத்தம் செய்கிறேன் என்று மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டாம். பஞ்சையும் குழாயடியில் கசக்காமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். குளோரின் பட்டால் பாக்டீரியா போய்விடும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் நீக்கும் சொட்டு மருந்து கலந்த பிறகே ஊற்றுங்கள். மீன் கடைகளில் மலிவாகக் கிடைக்கும்.

மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறதா? பசி என்று தீனி போடாதீர்கள், ஆக்சிஜன் போதாமல் இருக்கலாம். ஏர் பம்ப் ஓடுகிறதா என்று பாருங்கள். தீனி 2 நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுதான்.

அழகுக்கு விற்கும் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு மீனுக்கே 70, 80 லிட்டர் தேவை.