பிராம்ஸ் அறையில் ஒரு பைன்ட்: லிவர்பூல் ஃபில்ஹார்மோனிக் பப்புக்குப் போவது எப்படி

ஃபில்ஹார்மோனிக் பப்புக்குப் போக நல்ல நேரம், கச்சேரி இருக்கும் நாளில் இரவு ஏழே முக்கால். ஹோப் தெருவும் ஹார்ட்மன் தெருவும் சேரும் முக்கில் இருக்கும் இந்தப் பப்புக்கு எதிர்ப்புறம்தான் ராயல் லிவர்பூல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் அரங்கம். அங்கே கச்சேரி பெரும்பாலும் ஏழரைக்குத் தொடங்கும். அதுவரை டிக்கெட் வாங்கியவர்கள் பாரை மொய்த்துக்கொண்டிருப்பார்கள். ஏழரை ஆனதும் மொத்தமாகத் தெருவைக் கடந்து போய்விடுவார்கள். அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் பம்புகள் ஓயாமல் ஓடியிருக்கும் என்பதால் குழாயில் நிற்கும் பீர் புதிதாக இருக்கும். உட்கார இடமும் கிடைக்கும். ரியல் ஏல் என்ற பீப்பாய் பீரைக் குடிக்கப் போகிறவருக்கு இந்த இரண்டும் முக்கியம், முதலாவது மிக முக்கியம்.

லைம் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்திலிருந்து மேட்டில் நடந்தால் இருபது நிமிடத்துக்குள் வந்துவிடலாம். கட்டடம் 1898 முதல் 1900 வரை எழுந்தது. ராபர்ட் கெய்ன் மதுவாலைக்காக வால்டர் தாமஸ் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தார். 2020இல் இதை முதல் நிலைப் பாரம்பரியக் கட்டடமாக உயர்த்தினார்கள். பக்கிங்ஹாம் அரண்மனைக்கு இருக்கும் அதே நிலை. வாசலில் வளைந்து நெளியும் இரும்புக் கதவு, உள்ளே மொசைக் பதித்த பார் மேடை, தட்டி உருவம் எழுப்பிய செப்புத் தகடுகள். பக்கத்துச் சிறு அறைகள் இரண்டுக்கும் இசையமைப்பாளர்கள் பெயர்: ஒன்று பிராம்ஸ், இன்னொன்று லிஸ்ட். லண்டன் கொச்சையில் ‘பிராம்ஸ் அண்ட் லிஸ்ட்’ என்றால் நன்றாக ஏறிவிட்டது என்று அர்த்தம், தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். ஆண்கள் கழிப்பறையின் பளிங்கு வேலைப்பாடு அவ்வளவு பேர் பெற்றது. பெண்கள் பார்க்க விரும்பினால் ஊழியரிடம் கேட்டுவிட்டுப் போகலாம்.

ரியல் ஏல் என்றால் என்ன

தோசை மாவைக் கரைத்து வைத்த பிறகும் அது பொங்கிக்கொண்டே இருக்கிறதல்லவா, ரியல் ஏலும் அப்படித்தான். மதுவாலையிலிருந்து பீப்பாய் கிளம்பும்போது உள்ளே உயிருள்ள ஈஸ்டும் கொஞ்சம் சர்க்கரையும் இருக்கும். பப்பின் நிலவறைக்கு வந்த பிறகும் நொதித்தல் நடக்கும். வெளியிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வாயுவை ஏற்றித் தள்ளக் கூடாது. இந்த இலக்கணத்தைப் பிடித்துக்கொண்டு 1971இல் தொடங்கிய இயக்கம்தான் கேம்ரா. அதற்குள் பெரிய நிறுவனங்கள் வடிகட்டி, சூடாக்கிக் கிருமி நீக்கி, வாயு அடைத்த கெக் பீரை நாடெங்கும் பரப்பியிருந்தன.

நிலவறையில் நடப்பதைத் தெரிந்துகொண்டால் மேலே பாரில் பாதி விஷயம் தானாகப் புரியும். ஃபர்க்கின் என்ற வழக்கமான பீப்பாயில் 9 காலன், அதாவது 72 பைன்ட் (ஒரு பைன்ட் அரை லிட்டருக்குச் சற்று மேல்). அதைப் படுக்க வைத்து உருளாமல் ஆப்பு வைப்பார்கள். மேல்பக்கத்து அடைப்பில் காற்று புகும் மென்மரக் குச்சி ஒன்றை அடித்தால், மிஞ்சிய வாயு அதன் வழியே நுரைத்து வெளியேறும். அடங்கியதும் மென்குச்சியை எடுத்துவிட்டுக் கடினமான குச்சியைச் செருகுவார்கள். முகப்பில் குழாயைச் சுத்தியலால் ஒரே அடியில் இறக்குவார்கள். பிறகு ஒரு நாளாவது அசைக்காமல் விட்டால்தான் வண்டல் அடியில் தங்கும். அறை 11 முதல் 13 டிகிரிக்குள் இருக்க வேண்டும்.

விற்பனை தொடங்கிய நொடியிலிருந்து பீர் குறையக் குறையக் காற்று உள்ளே போகிறது. காலையில் இறக்கிய கள் அந்திக்குள் புளித்துவிடும் கணக்கு இங்கே கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்: மூன்று நாள். அதற்குள் 72 பைன்ட் தீர வேண்டுமானால் ஒரு பம்புக்கு ஒரு நாளைக்கு 24 பைன்ட் விற்றாக வேண்டும். எட்டுப் பம்பு வைத்திருக்கும் கடையில் ஆறே பேர் உட்கார்ந்திருந்தால் அங்கே ஏல் வாங்காதீர்கள். கூட்டம் குறைவான முக்குக் கடை இரண்டே பம்போடு இருந்தால் தாராளமாக நம்பலாம்.

பாரில் கேட்டு வாங்குவது

மேசைக்கு ஆள் வருவார் என்று காத்திருக்காதீர்கள். பாருக்கு நீங்கள்தான் போக வேண்டும். வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கிறது. நீங்கள் போய் நிற்கும்போது உங்களுக்கு முன் யார் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஊழியர் தவறுதலாக உங்களிடம் முதலில் வந்தால், ‘இவர் எனக்கு முன்னால்’ என்று கைகாட்டுங்கள்; அந்த இடத்தில் கிடைக்கும் மரியாதை வேறு எதிலும் கிடைக்காது. நோட்டை ஆட்டுவது, விரல் சொடுக்குவது இரண்டும் கூடாது.

நீளமான கைப்பிடி உள்ளவைதான் ஹேண்ட்பம்ப். அதன் முன்னால் தொங்கும் பட்டையில் பீரின் பெயரும் ஆல்கஹால் சதவீதமும் இருக்கும். பட்டை திருப்பி மாட்டியிருந்தால் அது தீர்ந்துவிட்டது, அல்லது இன்னும் தயாராகவில்லை. ‘இன்றைக்கு எது அதிகம் போகிறது?’ என்று கேளுங்கள். எது பிடிக்கும் என்று கேட்பதைவிட இந்தக் கேள்விக்குப் பலன் அதிகம். அதிகம் போவதுதான் புதிது. தயக்கமாக இருந்தால் ஒரு வாய் ருசி பார்க்கக் கேட்கலாம், காசு இல்லை. இரண்டோடு நிறுத்திக்கொள்வது அழகு. பின்னால் ஆள் நிற்கும்போது ஒன்றே போதும்.

நம் ஊர்க் குளிர்ந்த பாட்டில் லேகருக்குப் பழகிய நாக்குக்கு முதல் மடக்கு வெதுவெதுப்பாகவும் உப்புசப்பில்லாமலும் படும். அது கெட்டுப்போனதில்லை. 12 டிகிரியில்தான் மால்ட் என்ற முளைகட்டிய தானியத்தின் வாசனையும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் தெரியும். ஐஸ் போலக் குளிர வைத்தால் இரண்டும் மறைந்துவிடும். முதல் தடவைக்கு 4 சதவீதத்துக்குப் பக்கத்தில் ஒரு கோல்டன் ஏல், அதுவும் ஹாஃப், அதாவது அரை பைன்ட். பிறகு பிட்டர் என்ற கசப்பு ஏல். கறுப்பு போர்ட்டரைக் கடைசிக்கு வையுங்கள். வறுத்த வாசனை நாக்கில் உட்கார்ந்துவிட்டால் அதற்குப் பின் மென்மையான ஏல் எதுவும் எடுபடாது.

ஊற்றுவதைக் கவனியுங்கள். ஹேண்ட்பம்ப் என்பது நிலவறையிலிருந்து உறிஞ்சி ஏற்றும் வெறும் கைப்பம்பு. ஜோசப் பிரமா 1797இல் காப்புரிமை வாங்கிய அமைப்பிலிருந்து அதிகம் மாறவில்லை. ஒரு இழுப்புக்குச் சுமார் அரை பைன்ட் வரும். நிதானமான இரண்டு நீள இழுப்பு, கடைசியில் ஒரு சின்ன இழுப்பு. வடக்கு இங்கிலாந்தில் குழாய் நுனியில் ஸ்பார்க்ளர் என்ற துளைமூடி மாட்டுவது வழக்கம். அதன் வழியே வரும் பீர் கிளாஸில் பால் கலக்கியது போல் மங்கலாக விழும். பிறகு அடியிலிருந்து மேலாகத் தெளிந்துகொண்டே வந்து, முடிவில் ஆடை மாதிரி இறுகிய நுரை மேலே நிற்கும். தெளியும்வரை கிளாஸைத் தொடாமல் பாருங்கள். அந்த ஒரு நிமிடத்துக்காகவே போகலாம். நுரை அதிகமாகி பீர் குறைந்தால் ‘டாப் அப் ப்ளீஸ்’ என்று சொன்னால் நிரப்பித் தருவார்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

காசை அப்போதே கொடுத்துவிட வேண்டும். டிப்ஸ் வழக்கமில்லை. நண்பர்களோடு போனால் ஆளுக்கு ஒரு ரவுண்டு, அதாவது ஒவ்வொருவரும் ஒரு தடவை எல்லோருக்கும் வாங்கும் ஏற்பாடு வரும், அங்கேதான் நம்மவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். நான்கு பேர் என்றால் ஆளுக்கு நான்கு பைன்ட். 4 சதவீத பைன்ட் ஒன்றில் 2.3 யூனிட் (ஆல்கஹாலை அளக்கும் பிரிட்டிஷ் அலகு), பிரிட்டிஷ் மருத்துவ அறிவுரை வாரம் முழுவதற்குமே 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்கிறது. முதல் ரவுண்டை நீங்களே வாங்கிவிட்டு, அடுத்ததிலிருந்து ஹாஃப் அல்லது லைம் சோடா என்று சொல்லிவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். வாங்காமல் நழுவினால்தான் நினைப்பார்கள்.

18 வயது நிரம்பியிருக்க வேண்டும். 25க்குக் கீழே தெரிந்தாலே அடையாளம் கேட்பார்கள், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

சைவர்கள் கவனிக்க: பல ஏல்களில் வண்டலை இறக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்க்கிறார்கள். ராமநாதபுரம் பக்கம் நெட்டி என்று விலைபோகிறதே, அதே உறுப்பு. ‘வீகன்’ என்றோ ‘அன்ஃபைன்ட்’ என்றோ பட்டையில் இருந்தால் அது இல்லை. அன்ஃபைன்ட் ஏல் இயல்பிலேயே கலங்கலாக இருக்கும். நொறுக்குத்தீனியில் போர்க் ஸ்கிராட்சிங்ஸ் பன்றித் தோல்.

கெட்டிருந்தால்

முதல் இரண்டு மடக்கிலேயே முடிவு செய்யுங்கள். பாதி குடித்துவிட்டுப் போனால் யாருக்கும் சங்கடம். வினிகர் வாடை என்றால் பீப்பாய் திறந்து நாள் ஆகிவிட்டது. நனைந்த அட்டை வாடை, காற்றுப்பட்டுப் பழசானது. ஆஸ்பத்திரி மருந்து வாடை வந்தால் குழாய் சரியாகக் கழுவவில்லை. கலங்கலோடு அடியில் சேறு மாதிரி இருந்தால் பீப்பாயின் அடிமண்டி. தெளிந்திருக்க வேண்டிய பீர் இரண்டு நிமிடம் கழித்தும் கலங்கியே நின்றாலும் அதே சந்தேகம். நிலவறைக் குளிர்ச்சிகூட இல்லாமல், உயிரில்லாமல் இருந்தால் இரவெல்லாம் குழாயில் தங்கிய பீர். காலையில் அதை இழுத்துக் கொட்டிவிட வேண்டும், சில கடையில் கொட்டுவதில்லை. அதனால் கதவு திறந்ததும் முதல் ஆளாகப் போவது நல்லதல்ல. கசப்பு மட்டும் குற்றமில்லை.

கிளாஸைப் பாருக்கு எடுத்துப்போய், ‘இது கொஞ்சம் திரிந்துவிட்ட மாதிரி இருக்கிறது, நீங்களே பாருங்கள்’ என்று மெதுவாகச் சொல்லுங்கள். நல்ல கடையில் முகர்ந்து பார்த்துவிட்டு வேறு ஊற்றுவார்கள், பம்பின் பட்டையையும் திருப்பிவிடுவார்கள். நீங்கள் பேசாமல் குடித்துவிட்டால் அடுத்தவருக்கும் அதே பீர்தான் போகும்.

பாட்டு நடக்கும்போது

இசைப் பப்களில் இரண்டு வகை இரவுகள் உண்டு, இரண்டுக்கும் முறை வேறு. ஓப்பன் மைக் என்றால் மேடை, ஒலிபெருக்கி, பெயர்ப்பட்டியல். பாட நினைத்தால் சீக்கிரம் போய் நடத்துபவரிடம் பெயர் கொடுங்கள். இரண்டு மூன்று பாட்டுதான் கிடைக்கும். செஷன் என்றால் மேடை கிடையாது. மூலை மேசையைச் சுற்றி ஃபிடில், புல்லாங்குழல், பாஞ்சோ என்று தங்களுக்காகவே வாசிப்பார்கள். அந்த மேசையின் காலி நாற்காலி காலியில்லை, அதில் உட்காராதீர்கள். மெட்டுகள் இடைவெளியில்லாமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஓடும். நடுவில் கை தட்டித் தாளம் போட வேண்டாம், முடிந்ததும் தட்டுங்கள். வாத்தியம் இல்லாமல் ஒருவர் தனியாகப் பாடத் தொடங்கினால் பார் முழுக்க அடங்கிவிடும். அப்போது ஆர்டர்கூடச் சொல்லாமல் நில்லுங்கள்.

கஞ்சிரா வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐரிஷ் செஷனில் போரான் என்ற தோல் வாத்தியம் இருக்கும், கஞ்சிராவுக்குப் பெரியண்ணன் போல. ஒரு நேரத்தில் ஒரு தோல் வாத்தியம் போதும் என்பது எழுதாத விதி. இரண்டு மெட்டு முழுக்கக் கேட்டுவிட்டு, அந்தப் போரான்காரரிடம் கேட்டு, அவர் ஓய்வெடுக்கும்போது வாசியுங்கள். தனி ஆவர்த்தனம் வேண்டாம்.

2012இல் வந்த சட்டப்படி, மது உரிமம் உள்ள இடங்களில் சிறு கூட்டத்துக்கு இரவு 11 மணிவரை நேரடி இசை நடத்தத் தனி உரிமம் தேவையில்லை. பல கடைகளில் பாட்டு பதினொன்றுக்குச் சட்டென்று நின்றுவிடுவது அதனால்தான்.

ஒரே மாலையில் இன்னும் ஒன்றிரண்டு பார்க்க வேண்டுமானால், ஃபில்ஹார்மோனிக்கிலிருந்து சில நிமிட நடையில் ரைஸ் தெருவில் யே கிராக் பப். ஜான் லெனன் கலைக் கல்லூரி மாணவராக இருந்தபோது போய்வந்த இடம். ரோஸ்கோ தெருவின் ரோஸ்கோ ஹெட்டுக்குப் போவது ஏலுக்காக மட்டுமே. 1974 முதல் வெளிவரும் கேம்ராவின் பப் கையேடான குட் பீர் கைடின் ஒவ்வொரு பதிப்பிலும் இடம்பெற்ற மிகச் சில பப்களில் அது ஒன்று. மேத்யூ தெருவின் கிரேப்ஸ் நகர மையத்தில் இருக்கிறது. கேவர்ன் கிளப்பில் அன்று மது கிடையாது என்பதால் பீட்டில்ஸ் அங்கேதான் போய்க் குடித்தார்கள். கிளம்பும் முன் அன்று திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காரை விட்டுவிட்டு வாருங்கள். மணி அடித்தால் கடைசி ஆர்டர் என்று பொருள். அதற்குப் பிறகு இருப்பதைக் குடித்து முடிக்க இருபது நிமிடம் போலக் கிடைக்கும். காலி கிளாஸை மேசையிலேயே விட்டுவிடாமல் பார் மேடையில் கொண்டுபோய் வையுங்கள். ஃபில்ஹார்மோனிக்கிலிருந்து லைம் ஸ்ட்ரீட்டுக்குத் திரும்பும் வழி பெரும்பாலும் இறக்கம்.