நெய்த உலோக வலை: கட்டடத்தில் எங்கே தவறுகிறோம்?

கட்டட முகப்பில் நெய்த உலோக வலை பொருத்துவது நல்ல யோசனை. வெயிலைத் தடுக்கும், காற்றை விடும், ஏசியின் சுமையைக் குறைக்கும். ஆனால் பலர் மாதிரித் துண்டைக் கையில் வாங்கி, அழகு பார்த்தே வலையை முடிவு செய்துவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான்.

பார்க்க வேண்டியது, வலையில் திறந்திருக்கும் பரப்பு எவ்வளவு என்பதை. 2 மி.மீ. கம்பி, 8 மி.மீ. கண் (கம்பிகளுக்கு இடையே உள்ள துளை) கொண்ட சதுர வலையில் அது 64 சதவீதம். அதாவது நேராக விழும் வெயிலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உள்ளே வந்துவிடும். அதே கம்பியில் கண் 2 மி.மீ. என்றால் 25 சதவீதம்தான். உச்சி வெயில் சுவரில் சாய்வாக விழுவதால் கம்பியின் தடிமனே பெரும்பகுதியை மறைத்துவிடும். மேற்குச் சுவரில் மாலை வெயிலோ நேராக வலைக் கண்ணுக்குள் புகுந்து வரும். எல்லாச் சுவருக்கும் ஒரே வலை போட்டால் சரிவராது.

வலையைக் கண்ணாடிக்கு உள்ளே தொங்கவிட்டுக் குளிர்ச்சியை எதிர்பார்ப்பதும் வீண். வெப்பம் அதற்குள் கண்ணாடியைத் தாண்டியிருக்கும்.

அப்புறம் துரு. கடலோரத்தில் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சீக்கிரமே பழுப்புக் கறை பிடிக்கும். 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்த 316 ரகம் அங்கே பொருத்தம். அதையும் மழை படாத இடங்களில் அவ்வப்போது கழுவத்தான் வேண்டும்.

ஆனால் நல்ல வலையையே கெடுப்பது பெரும்பாலும் பொருத்தும் வேலைதான். பெரிய ஸ்டெயின்லெஸ் வலையைச் சின்ன அலுமினிய ரிவெட்டால் பிடித்தால், ஈரம் பட்டதும் அலுமினியம் அரித்துப் போகும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டே போடுங்கள். சட்டம் அலுமினியம் என்றால் இடையில் நைலான் வாஷர் வையுங்கள். வலைக்குப் பக்கத்தில் சாதாரண இரும்பை கிரைண்டரில் அறுக்க விடாதீர்கள். பறக்கும் பொறி கம்பியில் ஒட்டி, சில நாளில் புள்ளி புள்ளியாகத் துருவேறும். புது வலை அப்படி நிற்பதைப் பார்த்தால் மனசு கேட்காது.

10 மீட்டர் உயர வலை, 40 டிகிரி வெப்ப மாற்றத்துக்கு ஏறக்குறைய 7 மி.மீ. நீளும். கீழ்முனையில் வலையை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் இல்லாவிட்டால் வெயிலில் தொய்ந்துவிடும். அந்த இழுவிசையைத் தளத்தின் விளிம்பு தாங்குமா என்று வரைபடம் போடும்போதே கட்டமைப்புப் பொறியாளரிடம் கேட்டுவிடுங்கள்.

முடிந்தவரை வெல்டிங்கும் பெயின்ட்டும் வேண்டாம். போல்ட்டில் நிற்கும் வலையை நாளைக்குக் கழற்றி வேறு கட்டடத்தில் மாட்டலாம், அல்லது அப்படியே உருக்க அனுப்பலாம்.