நீளமான பேலன்ஸ்டு கேபிள்: வாங்கும் முன்பே தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் செய்த தவறிலிருந்தே தொடங்குகிறேன். பிரீஆம்ப் (வால்யூமைக் கட்டுப்படுத்தும் பெட்டி) அறையின் ஒரு மூலையில், பவர் ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் பெட்டி) ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்தில், நடுவே 12 மீட்டர். சுவருக்குள் பதித்த பைப்பில் எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று ஊசி ஆடியோ கனெக்டர் மாட்டிய இரண்டு கேபிளையும் வியர்க்க வியர்க்க இழுத்து முடித்துப் பார்த்தால், பிரீஆம்ப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது ஊசி முனை. பிரீஆம்பின் முதுகிலும் ஊசிதான்! எக்ஸ்எல்ஆரில் சிக்னல் வெளியே வரும் சாக்கெட்டில் மூன்று ஊசிகள் (பின்கள்) இருக்கும், உள்ளே போகும் சாக்கெட்டில் மூன்று துளைகள். ஆகவே கேபிளின் துளை முனை பிரீஆம்புக்கு, ஊசி முனை பவர் ஆம்புக்கு. உருவி எடுத்துத் திருப்பி நுழைப்பதிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. கனெக்டர் சுமார் 2 சென்டிமீட்டர் தடிமன் என்பதையும் மனதில் வையுங்கள். பைப் குறுகல் என்றால் வெறும் வயரை இழுத்துவிட்டு, அப்புறம் கனெக்டரை சால்டர் செய்வதுதான் வழி.

இது உடல் உழைப்போடு போன தவறு. காசு போகும் தவறு வேறு: எக்ஸ்எல்ஆர் சாக்கெட்டைக் கண்டதுமே பேலன்ஸ்டு என்று நம்புவது. பேலன்ஸ்டு இணைப்பில் சிக்னலுக்கு இரண்டு கம்பிகள், 2ஆம் பின்னும் 3ஆம் பின்னும். 1ஆம் பின்னில் ஷீல்டு, அதாவது கம்பிகளைச் சுற்றியுள்ள உலோக உறை. வழியில் ஒட்டிக்கொள்ளும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவில் விழும். பவர் ஆம்ப் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் அது அடிபட்டுப் போகும். ஆனால் எர்த்தை ஒப்பிட்டு இரண்டு கம்பியின் இம்பீடன்ஸும் (மாறும் சிக்னலுக்கான மின் எதிர்ப்பு) சமமாக இருந்தால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும். அந்தச் சமம் கேபிளில் மட்டும் இல்லை, இரு முனையிலும் உள்ள கருவிகளில் இருக்கிறது. சில கருவிகளில் சாக்கெட் மட்டும்தான் எக்ஸ்எல்ஆர், உள்ளே 3ஆம் பின் எர்த்தோடு சேர்க்கப்பட்டிருக்கும். ஒரு முனையில் ஆர்சிஏ (சிக்னலுக்கு ஒரே கம்பி கொண்ட சாதாரண ஆடியோ பிளக்) மாட்டிய அடாப்டரும் அதே கதைதான். அங்கே எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் கேபிளால் ஒன்றும் செய்ய முடியாது. கேபிளைத் தேடும் முன் இரண்டு கருவிகளின் கையேட்டையும் புரட்டிவிடுங்கள்.

சரி, கருவிகள் இரண்டும் ஒழுங்கானவை என்றே வைத்துக்கொள்வோம். நீளம் கூடும்போது கவனிக்க வேண்டியது கெப்பாசிட்டன்ஸ், அதாவது கம்பிகளுக்கு இடையே மின்னூட்டம் தேங்கும் தன்மை. இது கூடினால் உயர் சுருதிகள் மங்கும். நான்கு கம்பி கொண்ட ஸ்டார் குவாட் வகையில் இது மீட்டருக்கு 150 பிகோஃபாரட் வரை போகும். 12 மீட்டருக்கு 1,800. பிரீஆம்பின் வெளியீட்டு இம்பீடன்ஸ் 100 ஓம் என்றால் கவலையே இல்லை, ஏறக்குறைய 880 கிலோஹெர்ட்ஸில்தான் சிக்னல் 3 டெசிபல் சரியும். அதுவே 2,500 ஓம் கொண்ட ஒரு வால்வு பிரீஆம்ப் என்றால் அந்த எல்லை 35 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். காது கேட்கும் எல்லையான 20 கிலோஹெர்ட்ஸிலேயே 1.2 டெசிபல் அளவு குறையும். இப்படிப்பட்ட பிரீஆம்புக்குக் குறைந்த கெப்பாசிட்டன்ஸ் உள்ள சாதாரண இரட்டைக் கம்பி கேபிளே மேல். 110 ஓம் டிஜிட்டல் கேபிள்கூட அனலாக் சிக்னலுக்கு நன்றாகவே உழைக்கும்.

ஸ்டார் குவாட் வேண்டாம் என்று சொல்லவில்லை. டிரான்ஸ்ஃபார்மர், மின்கம்பி இவற்றின் காந்தப்புலத்தைத் தாமிர ஷீல்டு பெரிதாகத் தடுக்காது. அதைச் சமாளிப்பது கம்பிகளின் முறுக்குதான், அதில் ஸ்டார் குவாட் கெட்டி. ஷீல்டின் தடிமனை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். முடிந்தவரை மின்கம்பியோடு கூடவே ஓடவிடாதீர்கள். குறுக்கிட வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் 'உம்ம்' என்ற முனகல் கேட்டால், பவர் ஆம்பின் மெயின்ஸ் எர்த்தைக் கழற்றிவிடச் சொல்லும் ஆலோசனை எங்கிருந்தாவது வரும். செய்யாதீர்கள். உள்ளே ஏதாவது பழுதானால் பெட்டியைத் தொட்டவருக்கு ஷாக் அடிக்கும், உயிரே போகலாம். பெரும்பாலும் குற்றவாளி 1ஆம் பின்: ஷீல்டை உலோகப் பெட்டியோடு சேர்க்காமல் உள்ளே சர்க்யூட்டின் கிரவுண்டில் சேர்த்திருப்பார்கள், ஷீல்டில் ஓடும் இரைச்சல் நேரே சிக்னலுக்குள் நுழைந்துவிடும். ஆடியோ பொறியாளர் நீல் மன்சி 1995இல் இதை விரிவாக எழுதினார். ஷீல்டைப் பெட்டியோடு சேர்க்கச் சொல்லும் ஏஇஎஸ்48 என்ற தரநிர்ணயம் வந்தது 2005இல். இதற்குப் பாதுகாப்பான மருந்துகள் இரண்டு: கேபிளின் பவர் ஆம்ப் முனையில் ஷீல்டை மட்டும் பிரித்துவிடுவது, அல்லது நடுவில், நேரடி கம்பித் தொடர்பு இல்லாமல் சிக்னலை மட்டும் கடத்தும் ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுவது.

இடது, வலது கேபிள்கள் ஒரே நீளத்தில் இருந்தே ஆக வேண்டும் என்பதும் வீண் கவலை. 5 மீட்டர் வித்தியாசத்தில் சிக்னல் பிந்துவது 25 நானோநொடி அளவுதான். தேவைக்கு மேல் வாங்கிச் சோஃபாவுக்கு அடியில் சுருட்டி வைப்பதைவிட, போகிற வழியெல்லாம் ஒரு நூலைப் போட்டு அளந்து, ஒரு மீட்டர் கூட்டி வாங்கினால் போதும்.

வாங்கியதும் சுவருக்குள் விடாதீர்கள். இரண்டு நாள் தரையிலேயே கிடக்கட்டும். பாட்டை நிறுத்தி, வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு வால்யூமை வைத்து, ட்வீட்டரில் (உயர் சுருதிக்கான சிறிய ஸ்பீக்கர்) காதை வைத்து, முனகலோ இரைச்சலோ கேட்கிறதா என்று பாருங்கள். ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கும் நேரம்வரை காத்திருந்து, இன்னொரு முறை காதை வையுங்கள்.