ஒரு சீட்டு ஒரு முறைதான்: கேமல் வழியாக எச்டிடிபி கோரிக்கையைக் கையாளுதல்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலை வாங்கும் எடைக்கடைகளில் மதியத்துக்கு மேல் லோரிகள் வரிசை பிடித்து நிற்கும். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் அவித்துவிட வேண்டும் என்பார்கள். தாமதமானால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறும். அதனால் அங்கே எல்லாமே அவசரம்தான். லோரி தராசில் ஏறுகிறது, எடை விழுகிறது, சீட்டு அச்சாகிறது. அந்தச் சீட்டின் விவரம் கடையின் கணக்குக்கும் போக வேண்டும், ஆலையின் கணினிக்கும் போக வேண்டும். ஒன்று எக்ஸ்எம்எல் வடிவத்தில் மட்டும் வாங்கும், மற்றது ஜேசன் வடிவத்தில் கேட்கும்.

இந்த இடத்தில்தான் எண்டர்பிரைஸ் சர்வீஸ் பஸ் வருகிறது. தோட்டத்து ஆபீசில் பெரிய கிராணி பார்த்த வேலையை நினைத்துக்கொள்ளுங்கள். தொழிலாளர் லயத்திலிருந்து வந்த செய்தியை அவர் வாங்குவார், துரைக்குப் புரியும் மொழியில் எழுதுவார், யாருக்குப் போக வேண்டுமோ அவருக்கு அனுப்புவார், பதிலைத் திரும்பக் கொண்டுவந்து சொல்வார். பஸ்ஸும் அதையேதான் செய்கிறது. அப்படி ஒரு பஸ்ஸை அப்பாச்சி கேமலைக் கொண்டு நாமே கட்டப் போகிறோம்.

சனிக்கிழமை வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்காக எழுதுவதால், வகுப்பில் வாயால் சொல்வதுபோலவே கட்டளைகளை ஒலிப்பில் தருகிறேன். எடிட்டரில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். இரண்டு எழுத்து அடித்தாலே இன்டெலிஜே மீதியைக் காட்டிவிடும்.

முதலில் தேவையானவை

ஜாவா 17, நூலகங்களை இறக்கித் தரும் மேவன், அப்பாச்சி கேமல் 4. ஜாவா அதைவிடப் பழையதாக இருந்தால் கேமல் 4 ஓடாது. மியூல், இலங்கையில் 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 போன்ற முழு அளவிலான பஸ்களும் உண்டு. கற்றுக்கொள்வதற்குக் கேமலே போதும் என்பது என் எண்ணம். 2007 முதல் இருக்கும் அது ஒரு ஜாவா நூலகம் மட்டுமே. தனி சர்வர் எதையும் நிறுவ வேண்டாம், பழைய மடிக்கணினியிலும் ஓடும்.

மேவன் கோப்பில் கேமல் கோர், கேமல் மெயின், கேமல் ஜெட்டி, கேமல் எச்டிடிபி, கேமல் ஜாக்சன் ஆகிய ஐந்தையும் சேருங்கள். ஐந்துக்கும் ஒரே பதிப்பு எண் இருக்கட்டும். லாக் எழுத எஸ்எல்எஃப்4ஜே சிம்பிள் ஒன்றும் வேண்டும், இல்லாவிட்டால் நிரல் ஓடினாலும் திரையில் ஒன்றும் தெரியாது.

இரண்டாவது: வாசலைத் திறப்பது

ரூட் பில்டர் என்ற வகுப்பை நீட்டித்து உங்கள் வகுப்பை எழுதுங்கள். அதிலுள்ள கான்ஃபிகர் என்ற மெத்தடுக்குள்தான் எல்லா வேலையும். முதல் வரி ஃப்ரம். அதன் அடைப்புக்குள் ஜெட்டி (கோரிக்கைகளை வாங்கும் பகுதி), பிறகு எச்டிடிபி முகவரி 0.0.0.0, போர்ட் 8080, பாதை சீட்டு. அதன்பின் செட் பாடி, அதற்குள் கான்ஸ்டன்ட், அதற்குள் "வந்தது". மெயின் வகுப்பில் கேமல் மெயின் ஒன்றை உருவாக்கி, இந்த ரூட்டை, அதாவது செய்தி போகும் வழியை, சேர்த்து, ரன் சொல்லுங்கள். பிரவுசரில் அந்த முகவரியைத் திறந்தால் "வந்தது" தெரியும்.

0.0.0.0 என்பதைக் கவனியுங்கள். நிறையப் பேர் அங்கே லோக்கல்ஹோஸ்ட் என்று போடுகிறார்கள். அப்படிப் போட்டால் உங்கள் கணினிக்குள்ளிருந்து மட்டும்தான் கூப்பிட முடியும், தராசுப் பக்கம் இருக்கும் கணினி கதவைத் தட்டினாலும் கேட்காது.

முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டு, எச்டிடிபி மெத்தட் ரெஸ்ட்ரிக்ட் சமம் போஸ்ட் என்று சேருங்கள். போஸ்ட் என்பது தகவலை அனுப்பும் கோரிக்கை, கெட் என்பது தகவலைக் கேட்கும் கோரிக்கை. இனி கெட் கோரிக்கை வந்தால் ஜெட்டியே 405 (இந்த வகைக் கோரிக்கைக்கு இடமில்லை) சொல்லித் திருப்பி அனுப்பிவிடும். பிரவுசரில் திறந்து பாருங்கள், இப்போது அது மறுக்கப்பட வேண்டும். இதன் பிறகு சோதனைகளை, டெர்மினலிலிருந்து கோரிக்கை அனுப்பும் கர்ல் கட்டளையால் செய்யுங்கள்.

மூன்றாவது: சீட்டைப் படிப்பது

வந்த கோரிக்கையைக் கேமல் இரண்டாகப் பிரித்து வைத்துக்கொள்கிறது. உள்ளடக்கம் பாடியில் இருக்கும். எச்டிடிபி தலைப்புகளும், முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் வந்தவையும் ஹெடர்களில் இருக்கும். பார்க்க ஆசையாக இருந்தால் டூ, லாக், அதோடு ஷோ ஹெடர்ஸ் சமம் ட்ரூ என்று ஒரு வரி போடுங்கள். ஒருமுறையாவது போட்டுப் பாருங்கள், பிறகு வரும் ஒரு சிக்கல் உடனே புரியும்.

சீட்டுக்கு ஒரு சின்ன ஜாவா வகுப்பு எழுதுங்கள். சீட்டு எண், லோரி எண், கிலோ என்று மூன்று புலங்கள் போதும். ரூட்டில் அன்மார்ஷல், ஜேசன், ஜாக்சன், உங்கள் வகுப்பின் பெயர். வந்த ஜேசனை இது உங்கள் வகுப்பின் பொருளாக மாற்றும். உடனே அடுத்த வரியில் சீட்டு எண்ணை செட் ப்ராப்பர்ட்டி கொண்டு தனியாக எடுத்து வையுங்கள். ஹெடரில் வைக்காதீர்கள், ஹெடர்களைச் சீக்கிரமே துடைக்கப் போகிறோம்.

ஜேசன் உடைந்து வந்தால்? ஒன்றும் செய்யாமல் விட்டால் அனுப்பியவருக்கு 500 போகும். 500 என்றால் "எங்கள் பக்கம் கோளாறு" என்று பொருள். தவறு அவர் பக்கம் இருக்கும்போது 400 சொல்வதுதான் முறை. கான்ஃபிகரின் தொடக்கத்தில், ஃப்ரம் வரிக்கு மேலே, ஆன் எக்ஸெப்ஷன் எழுதுங்கள். ஜேசன் பிராசஸிங் எக்ஸெப்ஷன் வந்தால் ஹேண்டில்ட் ட்ரூ (தவறை நாமே கவனித்துக்கொண்டோம் என்று பொருள்), எச்டிடிபி ரெஸ்பான்ஸ் கோட் ஹெடரில் 400, பாடியில் தமிழிலோ மலாயிலோ ஒரு தெளிவான வரி. தராசில் நிற்கும் பிள்ளைக்கு அந்த வரிதான் உதவும்.

நான்காவது: ஆலைக்கு அனுப்புவது

உண்மையான ஆலை நமக்கு வேண்டாம், அதே நிரலில் பொய் ஆலை ஒன்றைக் கட்டிக்கொள்வோம். போர்ட் 8081இல் இன்னொரு ஃப்ரம், பாதை ஆலை. உள்ளே வந்ததை லாக்கில் ஒரு வரியாக எழுதட்டும், பிறகு "ஏற்றோம்" என்று பதில் சொல்லட்டும். அவ்வளவுதான் ஆலை.

முதல் ரூட்டில் மார்ஷல் ஜேசன் சொல்லி (அது பொருளைத் திரும்ப ஜேசனாக்கும்), பிறகு டூ, 8081 முகவரி. முகவரியோடு பிரிட்ஜ் எண்ட்பாயிண்ட் சமம் ட்ரூ சேருங்கள். முன்னே சொன்ன சிக்கல் இங்கேதான். உள்ளே வந்த கோரிக்கையின் ஹெடர்கள் கேமலில் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும், வெளியே போகும் கோரிக்கையிலும் அவை ஏறிக்கொள்ளும். தராசுக் கணினி நமக்குக் காட்டிய ஆத்தரைசேஷன் ஹெடர்கூட ஆலைக்குப் போய்விடும். அடுத்தவர் வீட்டுச் சாவியை மூன்றாம் ஆளிடம் நீட்டுவதற்குச் சமம் அது. அதனால் டூ வரிக்கு முன்னால் ரிமூவ் ஹெடர்ஸ், நட்சத்திரக் குறி. பிறகு மெத்தட் போஸ்ட், கன்டென்ட் டைப் ஜேசன் என்ற இரண்டை மட்டும் நாமே வைப்போம்.

கணக்கு மென்பொருளுக்கும் இதே வழிதான், மார்ஷலில் எக்ஸ்எம்எல் மட்டும் மாறும். அதில் நிற்க வேண்டாம்.

ஐந்தாவது: பதில் வராதபோது

வகுப்பில் நான் அதிக நேரம் எடுப்பது இந்தப் படிக்குத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் எடைக்கடை ஒன்றுக்கு இப்படி ஒரு ரூட் எழுதிக் கொடுத்தேன். தோற்றால் மூன்று முறை மீண்டும் அனுப்பு என்று வைத்திருந்தேன். ஒரு நாள் பிற்பகல் பெருமழை, இணையம் தள்ளாடியது. 1240 கிலோ சீட்டு ஒன்று போனது. அந்தப் பக்கம் அதை வாங்கிப் பதிந்துவிட்டது, ஆனால் "வாங்கினேன்" என்ற பதில் திரும்பி வரவில்லை. என் ரூட் தோல்வி என்று எடுத்துக்கொண்டு மீண்டும் அனுப்பியது. ஒரே லோரி நான்கு சீட்டாக ஏறியது. அந்தச் சிறுதோட்டக்காரருக்குப் பணம் கூடுதலாகப் போய், அடுத்த மாதம் பிடித்தம் விழுந்தது. அவர் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தார். "ஏம்மா, நான் ஏமாத்துனேன்னு நெனச்சுட்டாங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் எனக்கு வலிக்கிறது. தப்பு செய்தது என் ரூட், தலைகுனிந்து நின்றது அவர்.

அதனால் இரண்டு தோல்விகளைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். இணைப்பே மறுக்கப்பட்டால் கனெக்ட் எக்ஸெப்ஷன் வரும். கதவு திறக்கவேயில்லை, சீட்டு போகவேயில்லை, மீண்டும் அனுப்பலாம். சாக்கெட் டைம்அவுட் எக்ஸெப்ஷன் வந்தால் பெரும்பாலும் சீட்டு போன பிறகு பதிலுக்குக் காத்திருந்து நேரம் முடிந்திருக்கும். அது சேர்ந்ததா சேரவில்லையா என்று நமக்குத் தெரியாது. தெரியாததைத் தோல்வி என்று எழுதக்கூடாது.

ரூட்டில் இப்படி எழுதுங்கள். கனெக்ட் எக்ஸெப்ஷனுக்கு ஓர் ஆன் எக்ஸெப்ஷன்: மேக்சிமம் ரீடெலிவரீஸ் 3, ரீடெலிவரி டிலே 2000, ஹேண்டில்ட் ட்ரூ, பதில் 503 (இப்போது சேவை இல்லை). கேமல் தானாக மறுமுயற்சி செய்யாது, நாம் சொன்னால்தான் செய்யும். செய்யும்போதும் ரூட்டைத் தொடக்கத்திலிருந்து ஓட்டாது, தோற்ற இடத்திலிருந்தே தொடரும். சாக்கெட் டைம்அவுட்டுக்கு இன்னொன்று: மறுமுயற்சி இல்லை, ஹேண்டில்ட் ட்ரூ, பதில் 504 (உரிய நேரத்தில் பதில் வரவில்லை), பாடியில் "சேர்ந்ததா எனத் தெரியவில்லை, சீட்டு எண்ணைக் கொண்டு விசாரிக்கவும்".

விசாரிப்பது எப்படி? எச்டிடிபி விதிப்படி கெட், புட் (இந்த முகவரியில் இதை வை), டிலீட் (நீக்கு) மூன்றையும் எத்தனை முறை அனுப்பினாலும் ஒரு முறை அனுப்பிய விளைவுதான் இருக்க வேண்டும். போஸ்ட்டுக்கு அந்த உறுதி கிடையாது. எனவே "இந்தச் சீட்டு எண் உங்களிடம் இருக்கிறதா" என்று ஆலையைக் கெட் கோரிக்கையால் பயமின்றி எத்தனை முறையும் கேட்கலாம். இல்லை என்று வந்தால் மட்டும் மீண்டும் போஸ்ட். ஆலைப் பக்கம் நிரல் எழுதுபவரோடு பேச வாய்ப்புக் கிடைத்தால், சீட்டு எண்ணையே முகவரியில் வைத்து புட் வாங்கச் சொல்லுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

போன மாதம் வகுப்பில் ஒரு பையன் கேட்டான், "அக்கா, தராசுல நிக்கிறவரே பொத்தான ரெண்டு தடவ அமுக்கிட்டா?" நல்ல கேள்வி. அதற்குக் கேமலில் ஐடெம்பொடென்ட் கன்ஸ்யூமர் இருக்கிறது. நாம் எடுத்து வைத்த சீட்டு எண்ணை அதற்குச் சாவியாகக் கொடுங்கள். ஏற்கெனவே பார்த்த எண் மீண்டும் வந்தால் உள்ளிருக்கும் வேலையை அது தாண்டிவிடும். உள்ளே வேலை தோற்றால் அந்த எண்ணை மறந்துவிடும், மறுபடி அனுப்ப வழி இருக்கும். அப்படியென்றால் 504க்குப் பின்னும் எண் மறக்கப்படும், அங்கே விசாரணைதான் காவல். நினைவகத்தில் வைக்கும் வகை நிரலை நிறுத்தினால் அழிந்துவிடும். இடி மின்னலுக்கு மின்சாரம் போகும் ஊர் நம்முடையது, ஃபைல் ஐடெம்பொடென்ட் ரெபாசிட்டரி போடுங்கள்.

இரட்டை அமுக்கலுக்கு ஒரு காரணம் நாமேதான். தராசுக் கணினி 5 விநாடியில் பொறுமை இழந்து, பஸ் இன்னும் ஆலையோடு பேசிக்கொண்டிருந்தால், மனிதர் மறுபடி அமுக்கத்தான் செய்வார். உள்ளே இருப்பவரைவிட வெளியே இருப்பவர் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். எச்டிடிபி உறுப்பின் ரெஸ்பான்ஸ் டைம்அவுட்டை 10 விநாடியாக வையுங்கள். மூன்று மறுமுயற்சிக்கு 6 விநாடி போகும். தராசுப் பக்கம் 30 விநாடி கொடுத்தால் தாராளம்.

உடனே பதில் சொல்லிவிட்டுப் பிறகு அனுப்பினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். செய்யலாம், ஆனால் அப்போது பதில் 202: வாங்கிக்கொண்டேன், இன்னும் முடிக்கவில்லை. 200, அதாவது முடிந்தது, என்று சொல்லிவிட்டு உள்ளே சீட்டு தொலைந்தால் அது பொய். கேமலின் சேடா வரிசை நினைவகத்தில்தான் இருக்கிறது, நிரல் விழுந்தால் வரிசையும் போகும். 202 சொல்வதாக இருந்தால் ஆக்டிவ்எம்கியூ போல வட்டில் எழுதி வைக்கும் வரிசை வேண்டும்.

ஆறாவது: சோதனை

பொய் ஆலையின் ரூட்டில், லாக் வரிக்குப் பின், டிலே 15000 சேருங்கள். கர்லால் ஒரு சீட்டு அனுப்புங்கள். 10 விநாடியில் 504 வர வேண்டும். ஆலையின் லாக்கில் அந்தச் சீட்டு எண் எத்தனை முறை இருக்கிறது என்று எண்ணுங்கள், ஒரு முறைக்கு மேல் இருக்கக்கூடாது. அடுத்து, ஆலை ரூட்டை முழுக்க நீக்கிவிட்டு அனுப்புங்கள். 6 விநாடிக்குப் பின் 503. கடைசியாக டிலேயை எடுத்துவிட்டு ஆலையைத் திரும்ப வைத்து, ஒரு புதிய சீட்டை இரண்டு முறை அனுப்புங்கள். இடையில் நிரலை நிறுத்தி மறுபடி தொடங்குங்கள். ஆலையின் லாக்கில் அந்த எண் இரண்டு வரியில் தெரிந்தால், ரெபாசிட்டரி கோப்பின் பாதையைச் சரிபாருங்கள்.