26-இலிருந்து 29-க்கு: புது மலை சைக்கிளில் செய்யக் கூடாத தவறுகள்

போன மாதம் கோத்தகிரிப் பக்கம், தேயிலைத் தோட்டத்து மண்பாதையில் ஒரு தம்பியோடு இறங்கிக்கொண்டிருந்தேன். பல வருடம் 26 அங்குலச் சக்கர வண்டி ஓட்டியவர். 29 அங்குல வண்டி வாங்கி மூன்றே நாள் ஆகியிருந்தது. முதல் கொண்டை ஊசி வளைவிலேயே பாதையை விட்டு வெளியே போய், செடி ஓரமாக நின்றுவிட்டார். "லாரி ஓட்டற மாதிரி இருக்குதுங்கண்ணா. நாளைக்கே கடையில குடுத்து ஹேண்டில்பாரை ரெண்டு பக்கமும் அறுக்கச் சொல்லப்போறேன்" என்றார்.

எனக்கு அடிவயிறு கலங்கியது. எட்டு வருடத்துக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் செய்தும் முடித்தேன்.

ஹெல்மெட் போடுங்கள், செயினுக்கு எண்ணெய் விடுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அதைச் சொல்லப்போவதில்லை. பழைய வண்டியில் நன்றாகக் கைபழகியவர்கள் புது வண்டியில் செய்கிற தவறுகள் தனி ரகம்.

## ஹேண்டில்பாரை அறுப்பது

என் பழைய வண்டியில் ஹேண்டில்பார் 640 மி.மீ., அதை வண்டியோடு இணைக்கும் ஸ்டெம் 90 மி.மீ., முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் கிட்டத்தட்ட செங்குத்தாக 71 டிகிரியில் நிற்கும். புது வண்டியில் பார் 780, ஸ்டெம் 50, ஃபோர்க் 66 டிகிரி. மெதுவாகப் போகும்போது முன்சக்கரம் தானாக ஒரு பக்கம் சரிந்து விழுகிற மாதிரி இருக்கும். ஏற்றத்தில் அங்கும் இங்கும் அலையும். "பார் ரொம்ப அகலம், அதுதான் கோளாறு" என்று மனம் உடனே முடிவு கட்டிவிடும்.

உண்மை நேர் எதிர். ஃபோர்க் சாய்ந்திருப்பதால்தான் சக்கரம் அப்படிச் சரிகிறது. டயரோடு சேர்த்து 66 செ.மீ. விட்டமாக இருந்த சக்கரம் இப்போது 74 செ.மீ. ஆகிவிட்டது, எடையும் கூடியிருக்கிறது. அதைத் திருப்பவும் பிடித்து நிறுத்தவும் கூடுதல் பலம் வேண்டும். நீளமான ஸ்பேனரில் இறுகிய நட்டு சுலபமாகக் கழலும் இல்லையா? அகலமான பார் செய்கிற வேலை அதுதான்.

இது தெரியாமல், இரண்டாவது வாரமே கடைக்குப் போய் ஒரு பக்கத்துக்கு 5 செ.மீ. அறுக்கச் சொன்னேன். ரம்பம் ஓட ஓட அலுமினியத் தூள் தரையில் கொட்டியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எந்த மாதிரிப் பாதையில் ஓட்டுகிறீர்கள், வண்டி வாங்கி எத்தனை நாள் ஆகிறது என்று அறுத்தவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஊருக்குள் ஒரு வாரம் அருமையாக இருந்தது. அப்புறம் மலை இறங்கும்போது உள்ளங்கை அளவு கல் ஒன்று முன்சக்கரத்தின் இடது பக்கம் இடித்தது. பார் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு திரும்ப, நான் மணிக்கட்டின் மேலேயே விழுந்தேன். மூன்று வாரம் மாவுக்கட்டு. பிறகு அதே 780 பாரைப் புதிதாக வாங்க 4,200 ரூபாய். அறுத்த துண்டுகள் இரண்டும் என் மேசை டிராயரில் இன்னும் கிடக்கின்றன. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் எரிச்சல் வருகிறது.

அதனால் ஒரு மாதத்துக்கு எதையும் அறுக்காதீர்கள். சந்தேகமாக இருந்தால் கிரிப்பின் ஆலன் போல்ட்டைத் தளர்த்தி, பிரேக் லீவரோடு சேர்த்து ஒரு பக்கத்துக்கு 1 செ.மீ. உள்ளே தள்ளுங்கள். அப்படியே இரண்டு வாரம் ஓட்டுங்கள். பாரின் முனை துருத்திக்கொண்டு இருக்கும் என்பதால் மரங்கள் நெருங்கிய பாதை வேண்டாம். பிடிக்கவில்லை என்றால் பழைய இடத்துக்கே இழுத்துக்கொள்ளலாம். அன்றைக்கு அந்தத் தம்பியின் வண்டியிலும் பாதை ஓரத்திலேயே இதைத்தான் செய்தோம். தோள் குறுகலானவர்களுக்கும் உயரம் குறைந்தவர்களுக்கும் 780 உண்மையிலேயே அதிகமாக இருக்கலாம். அவர்களும் பக்கத்துக்கு 5 மி.மீ. வீதம் அறுத்துப் பார்க்கட்டும். அறுத்ததை ஒட்ட முடியாது.

நீள ஸ்டெம் வாங்கி மாட்டுவதும் இதே தவறுதான். ஏற்றத்தில் சக்கரம் அலைந்தால் சீட்டின் மூக்குக்கு நகர்ந்து, முழங்கையை மடக்கி, நெஞ்சைத் தாழ்த்துங்கள். அதுவும் போதாவிட்டால் ஸ்டெமுக்குக் கீழே இருக்கும் வளையம் ஒன்றை எடுத்து மேலே போடுங்கள். செலவே இல்லை.

வளைவு விஷயத்தில் நம் மலைப்பாதை பஸ் டிரைவர்களைப் பாருங்கள். வெளி ஓரம் வரை வாங்கித்தான் திருப்புவார்கள். நம் வண்டியிலும் இரண்டு அச்சுக்கும் நடுவே இருந்த 107 செ.மீ. இப்போது 120-ஐத் தொடுகிறது. பழைய வண்டியை மணிக்கட்டாலேயே திருப்பியிருப்போம். இதைச் சாய்க்க வேண்டும்: உள்பக்கக் கை நீண்டு பாரைக் கீழே அழுத்தட்டும், வெளிப்பக்க முழங்கை மடங்கட்டும், வெளிப்பக்கக் கால் கீழே இருக்கட்டும். உடம்பு நேராக நிற்க, வண்டி மட்டும் சாய வேண்டும். கண் வளைவின் முடிவில் இருக்க வேண்டும். மைதானத்தில் நாலு தண்ணீர் பாட்டிலை வைத்து இரண்டு சாயங்காலம் சுற்றினால் போதும்.

## காற்றைப் பழைய கணக்கிலேயே அடிப்பது

2.1 அங்குல டயருக்கு 40 பி.எஸ்.ஐ. அடித்த பழக்கத்தில் 2.4 அங்குல டயருக்கும் அதையே அடிப்பார்கள். வண்டி பந்து மாதிரித் துள்ளும். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது உச்ச வரம்பு. அதுவரை அடிக்கச் சொல்லவில்லை. நான் 70 கிலோ. ட்யூப்லெஸ்ஸில் முன்னே 22, பின்னே 25 வைக்கிறேன். ட்யூப் போட்டிருந்தால் மூன்று நான்கு கூட வேண்டும். இல்லாவிட்டால் கல்லில் இடித்ததும் ட்யூப் ரிம்முக்கு நடுவே நசுங்கிப் பஞ்சராகும். கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பது இங்கே உதவாது. ஒரே மீட்டரை வைத்து ஒவ்வொரு பி.எஸ்.ஐ.யாக மாற்றிப் பாருங்கள்.

கீழே சமவெளியில் கருவேல முள்ளுக்கு நடுவே ஓட்டுபவர்கள் டயருக்குள் இருக்கும் சீலன்ட்டை (ஓட்டையை அடைக்கும் திரவம்) இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். நம் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும்.

## இறக்கத்தில் சீட்டுக்குப் பின்னால் போய்த் தொங்குவது

பழைய வண்டியில் அது உயிரைக் காப்பாற்றியது. புது வண்டியில் முன்சக்கரம் ஏற்கெனவே உங்களை விட்டு வெகுதூரம் முன்னே இருக்கிறது. நீங்களும் பின்னால் போனால் அதன் மேல் பாரமே இருக்காது. வளைவில் சத்தமில்லாமல் வழுக்கிவிடும். பெடல் மேல் எழுந்து நில்லுங்கள். முழங்கை வெளியே, தாடை ஸ்டெமுக்கு நேர் மேலே. சுவர் மாதிரி செங்குத்தான இடத்தில் மட்டும் கொஞ்சம் பின்னால் போகலாம்.

## முன் பிரேக் எந்தக் கையில் என்று பார்க்காமல் கிளம்புவது

நமக்கு பைக்கில் முன் பிரேக் வலது கையில். வெளிநாட்டு வண்டிகள் சில, அதை இடது கையில் மாட்டியே வருகின்றன. நிற்கும்போதே ஒவ்வொன்றாகப் பிடித்து, வண்டியைத் தள்ளிப் பாருங்கள். மாறியிருந்தால் கடையிலேயே மாற்றச் சொல்லுங்கள்.

## புது டிஸ்க் பிரேக்கோடு நேராக மலை இறங்குவது

வேண்டாம். முதலில் சமதரையில் நன்றாக வேகம் எடுத்து, நடை வேகத்துக்குக் குறையுங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். இருபது முறை.

## பழைய 26 ட்யூபையே பையில் வைத்திருப்பது

இப்போதே பையைத் திறந்து பாருங்கள்.