புள்ளி ஆந்தைக் குஞ்சை ராத்திரியில் ஃப்ளாஷ் போட்டு எடுப்பது எப்படி?

மதுரைப் பக்கம் முதன்முதலாக ஆந்தைப் படம் எடுக்கப் போகிறவர்களுக்குப் புள்ளி ஆந்தைதான் தோது. கீழக்குயில்குடி, நாகமலை அடிவாரம், வைகைக் கரைத் தோப்புகள் மாதிரி இடங்களில், பட்டுப்போன பனையோ பழைய புளியமரமோ நின்றால் தேடிப் பார்க்கலாம். நீளம் 21 செ.மீ. அளவுதான். நவம்பர் முதல் ஏப்ரல் வரை குஞ்சு பொரிக்கும் காலம். பொரித்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் குஞ்சுகள் வெளியே வந்து பொந்துக்குப் பக்கத்துக் கிளையில் வரிசையாக உட்காரும். அந்தக் கட்டத்தில்தான் எடுக்க வேண்டும். பொந்துக்குள் இருக்கும் குஞ்சு மேல் ஃப்ளாஷ் அடிக்காதீர்கள். தாய் இரை கொண்டுவரத் தயங்கும். கூட்டைத் தொந்தரவு செய்வது 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

1. பகலிலேயே போய் மரத்தைப் பாருங்கள். பொந்துக்குக் கீழே வெள்ளை எச்சமும், வண்டுச் சிறகும் எலி முடியும் கலந்த சின்ன உருண்டைகளும் கிடந்தால் ஆந்தை இருக்கிறது. கிளையிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிற்க இடம் பார்த்து, தோப்புக்காரரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

2. வேண்டியவை: 300 மி.மீ. வரை போகும் லென்ஸ், டிரைபாட், தனி ஃப்ளாஷ், அதைக் கம்பியில்லாமல் இயக்கும் வயர்லெஸ் டிரிகர். டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித் தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். கேமராவிலேயே இருக்கும் குட்டி ஃப்ளாஷ் வேண்டாம். அது லென்ஸை ஒட்டியே இருப்பதால், ஒளி விழித்திரையில் பட்டு நேராக லென்ஸுக்கே திரும்பும். குஞ்சின் கண் இரண்டும் நெருப்புத் துண்டு மாதிரி விழும். ஃப்ளாஷ் லென்ஸிலிருந்து குறைந்தது 2 அடி பக்கவாட்டில், கொஞ்சம் மேலே இருக்கட்டும். கூட வருபவர் ஒரு கம்பில் கட்டிப் பிடித்தால் போதும்.

3. செட்டிங்: எல்லாமே மேனுவல். ஷட்டர் 1/200 நொடி, லென்ஸ் துளை எஃப் 5.6, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 800, ஃப்ளாஷ் 1/16 பவர். கணக்கு இதுதான்: ஃப்ளாஷின் கைடு நம்பர் (அதன் வீச்சைச் சொல்லும் எண், ஐஎஸ்ஓ 100இல், மீட்டரில்) 40 என்றால், ஐஎஸ்ஓ 800இல் அது ஏறக்குறைய 113 ஆகும், 1/16 பவரில் அதில் கால்வாசி, சுமார் 28. இதை 5.6ஆல் வகுத்தால் 5 மீட்டர். டிடிஎல் (ஃப்ளாஷ் அளவைக் கேமராவே தீர்மானிக்கும் முறை) வேண்டாம், சுற்றிலும் இருட்டைப் பார்த்து ஒளியைக் கூட்டி, குஞ்சை வெளுக்க வைத்துவிடும். தவிர, அளவெடுக்க முன்கூட்டியே ஒரு மின்னல் வேறு அடிக்கும். கண் சிவப்பாக விழாமலிருக்க முன்கூட்டியே ஒளி அடிக்கும் ரெட் ஐ வசதியையும் அணைத்துவிடுங்கள். ஃப்ளாஷ் தலையில் டிஷ்யூ பேப்பர் கட்டுகிறவர்கள் உண்டு. 5 மீட்டர் தூரத்தில் அது ஒளியை மென்மையாக்காது, தின்றுவிடும், அவ்வளவுதான்.

4. மொட்டை மாடியில் ஒத்திகை பாருங்கள். நாரும் குடுமியுமாக ஒரு தேங்காயை 5 மீட்டரில் வைத்து எடுங்கள். பருமனும் நிறமும் ஏறத்தாழ ஆந்தைதான். படத்தைப் பெரிதாக்கினால் நார் இழை இழையாகத் தெரிய வேண்டும். வெள்ளைத் திட்டாக இருந்தால் 1/32க்கு இறக்குங்கள். இருட்டாக இருந்தால் பவரை ஏற்றாமல் ஐஎஸ்ஓவை 1600 ஆக்குங்கள்.

5. பிப்ரவரி, மார்ச்சில் மாலை ஆறு மணிக்கே போய் உட்கார்ந்துவிடுங்கள். நன்றாக இருட்டிய பின் கண்மணி முழுக்க விரிந்திருக்கும், ஃப்ளாஷ் அதிகமாகக் கூசும். அந்தி வெளிச்சம் மிச்சமிருக்கும்போது ஷட்டரை 1/30க்கு இறக்கினால் பின்னால் நீல வானமும் கிடைக்கும். ஆனால் குஞ்சு அசைந்தால் விளிம்பில் நிழல் இரட்டிக்கும். அப்போது 1/200க்கே திரும்புங்கள். 1/250க்கு மேல் ஏற்றினால் பல கேமராக்களில் படத்தின் ஒரு பக்கம் கறுப்புப் பட்டையாகிவிடும்.

6. சிவப்பு டார்ச்சில் கண்ணைப் பார்த்து ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றி, டார்ச்சை அணைத்துவிட்டு அழுத்துங்கள். குஞ்சு தலையை மேலும் கீழும் ஆட்டி உங்களை அளவெடுக்கும். 1/16இல் ஃப்ளாஷ் கண்ணிமைப்பதைவிடச் சுருக்கமாக அடிப்பதால் படம் கலங்காது, ஃபோகஸ்தான் நழுவும். ஆட்டம் நிற்கும்வரை பொறுங்கள்.

தாய் பறந்து வரும்போது விரல் பட்டனில் இருக்கவே கூடாது. கண் கூசினால் கிளையில் மோதும். ஆறேழு படம், பத்து நிமிடம், அதற்குமேல் வேண்டாம். குஞ்சு உடலை ஒடுக்கிக் குச்சி மாதிரி நின்றால் அந்தப் பத்து நிமிடமும் கிடையாது, கிளம்ப வேண்டியதுதான். நடக்கும்போது சாதாரண டார்ச்சைத் தரையில் அடியுங்கள், பாம்பு நடமாடும் நேரம்.

இணையத்தில் போடுமுன் படத்திலுள்ள ஜிபிஎஸ் விவரத்தை நீக்குங்கள். சாக்குருவி என்று கல்லெறிகிறவர்களும் இருக்கிறார்கள், மாந்திரீகத்துக்குப் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இடம்: மதுரை மாவட்டம் என்று மட்டும் எழுதினால் போதும்.